முதல் கேள்விக்குப் பதில்

சிகுதானியை வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மறுநாள் காலை, கடற்கரை ஊரான பங்கானியில் ஆற்றை ஒட்டிய தாய்நலத் திட்ட அலுவலகத்தில், ஸுஹூரா மூன்று தாள்களைக் கொண்டுவந்து ஹிதாயாவின் மேசையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அவளோடதுக்கா. மூணாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள். நான் போய்க் கேட்டது. நீங்களே பாருங்க."

பிள்ளை பெற்ற பெண்களை வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பார்த்துவருவது ஸுஹூராவின் வேலை. அவள் என்ன கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் வருவதை ஸ்வாஹிலியில் எழுதித் தருவது ஹிதாயாவின் வேலை.

மூன்று தாள்களும் ஒன்றுபோலவே இருந்தன. மேலே முதல் கேள்வி: இன்றைக்கு என்ன சேதி? அதன் கீழே இரண்டு கட்டங்கள். 'நல்ல சேதி' என்ற கட்டத்தில் ஸுஹூராவின் சாய்ந்த குறி. அந்தக் கட்டத்திலிருந்து ஓர் அம்பு நேராகத் தாளின் அடிக்கு இறங்கியது. நல்ல சேதி என்றால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அம்புக்குப் பக்கத்தில் பதினோரு கேள்விகள் தொடப்படாமல் கிடந்தன. காய்ச்சல் அடிக்கிறதா. அடிவயிறு வலிக்கிறதா. உதிரம் நாறுகிறதா.

மூன்றுக்கும் ஆம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் பன்னிரண்டாம் நாள் விடியலில் செத்துப்போனாள்.

"நான் வேற எதுவும் செய்யலக்கா. தாள்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் கேட்டேன்" என்றாள் ஸுஹூரா.

"உன்னை யாரு என்ன சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் சொல்றேன்."

போன வருடம் அந்தப் படிவம் முதலில் வந்தபோது அதை மொழிபெயர்த்திருந்தவர் தலைநகரத்துப் பண்டிதர் ஒருவர். 'இன்றைய தினம் தங்கள் உடலின் நிலையை விவரிக்கவும்' என்று தொடங்கியிருந்தார். ஸுஹூரா அதை வானொலிச் செய்தி போலப் படித்துக்காட்டி அலுவலகத்தையே சிரிக்க வைத்தாள். "இதைக் கேட்டா பொம்பளைங்க எந்திரிச்சு நின்னு தேசிய கீதம் பாடுவாங்கக்கா. ஒருத்தி புருசனைக் கூட்டியாரேன்னு ஓடிட்டா, ஏதோ கேஸ் வந்திருக்குன்னு."

ஹிதாயா ஒரே வாரத்தில் அதை முழுக்க மாற்றினாள். பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பிறகு மணமுறிவோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். அவளிடம் மிச்சமிருந்த பெருமை அவளுடைய காது ஒன்றுதான். கிணற்றடியிலும் மீன் இறங்கும் துறையிலும் பெண்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படி வரவேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினாள். முதல் வரி தானாக வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு என்ன சேதி? எழுதி முடித்தபோது உடம்பில் ஒரு சுகம் பரவியது இப்போதும் நினைவிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்பது போலவே இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அந்தச் சொல்லைப் பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து என்ன சேதி என்று கேட்டால் இந்தக் கரையில் யார் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? நல்ல சேதி என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் பிணம் கிடந்தாலும் முதல் வார்த்தை அதுதான். பிறகு பாய் விரிக்க வேண்டும், தேநீர் வர வேண்டும், பிள்ளைகளின் சேதி, ஆட்டின் சேதி, மழையின் சேதி எல்லாம் கேட்டு முடிய வேண்டும். அதற்கப்புறம்தான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா, விடியக்காலைல அப்பா போயிட்டார்" என்று வரும். அந்த 'ஆனா' வரும்வரை உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் விசாரிப்பு. ஒரு நாளைக்குப் பதினாறு வீடு பார்க்க வேண்டிய ஸுஹூராவின் தாளில் அதற்கு இடமில்லை. ஹிதாயாவின் அழகான வரி ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வாசலிலேயே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று இருந்தது. அதை அவள் ஸுஹூராவிடம் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஹிதாயாவும், அக்கம்பக்கத்துப் பழக்கத்தில், சோப்பும் கேழ்வரகு மாவும் எடுத்துக்கொண்டு சிகுதானியின் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தாள். சிகுதானி காங்காத் துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கையைப் பிடித்தபோது கொதித்தது. இப்போதுதான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான். "என்ன சேதிடி?" என்றாள் ஹிதாயா. "நல்ல சேதிதான்க்கா." சொல்லிவிட்டு அவள் வேறெதற்கோ காத்திருப்பது போலப் பார்த்தாள். ஹிதாயா எழுந்துவிட்டாள். எங்கே போக எழுந்தாள் என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவசரமாக ஒன்றும் இருந்திருக்காது.

திட்டத்தின் பொறுப்பாளர் கிசங்கா மலைப்பக்கத்து மனிதர். குரலை உயர்த்தாதவர். ஹிதாயா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"டீச்சர், இருக்கற கேள்வியிலயே ரொம்ப நல்லா வேலை செய்யறது இதுதான். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேர் பதில் சொல்றாங்க."

"நல்ல சேதின்னுதானே சார் சொல்றாங்க? நூறு பேருல தொண்ணூத்தெட்டுப் பேர் நல்லா இருக்க முடியுமா?"

"மேல இருக்கறவங்களுக்கு அதுல ரொம்பத் திருப்தி." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினது நீங்கதானே?"

"நான்தான் சார். நான் எழுதினது தப்பு."

"நீங்க தப்புன்னு சொன்னா அது உங்க அபிப்பிராயம். நடுவுல கேள்வியை மாத்தணும்னா காரணம் காகிதத்துல வேணும். அந்தப் பொண்ணோட அம்மா எழுதிக் கொடுக்கட்டும். கேட்ட விதம் சரியில்ல, அதனால நோவு தெரியாமப் போச்சுன்னு. கைநாட்டு போதும். இந்த மூணு தாளையும் சேர்த்து வச்சா நானே எடுத்துட்டுப் போறேன், சத்தியமா. ஆனா திங்கக்கிழமைக்குள்ள. திங்கக்கிழமை பக்கத்து ரெண்டு மாவட்டத்துக்கும் இதே படிவம் போகுது."

மனுவை ஹிதாயாவே எழுதினாள். நான்கு வரி. சனிக்கிழமை அதையும் மூன்று தாள்களையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் பெண்கள் பாய்களில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் கேலி பேசுவதற்கென்றே முறை உள்ளவர்கள் உண்டு. அந்த முறைக்காரி சௌமு, செத்தவளின் காங்காவைத் தோளில் போட்டுக்கொண்டு முந்தானையை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தாள். கோப்பைப் பார்த்ததும் நின்றாள்.

"வாங்க டீச்சர். சாவுக்கும் படிவம் வந்தாச்சா? கேட்டு எழுதுங்க, எழுதுங்க. பொணத்துக்கு என்ன சேதி? நல்ல சேதி. மூணு நாளா பல்லு தேய்க்கல, மத்தபடி சௌக்கியம்."

அழுதுகொண்டிருந்தவர்கள் கூடச் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது அவள் கடமை. ஹிதாயாவின் உதடுகளும் கோணின.

சிகுதானியின் தாய் தாட்டு உள்ளறையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பன்னிரண்டு நாளில் தாயை இழந்த பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஹிதாயா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பற்றிக்கொண்டாள்.

"தாட்டு அத்தை, என்னை மன்னிக்கணும்."

"மன்னிச்சாச்சு கண்ணு. வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. அவளும் உன்னை மன்னிச்சுத்தான் போயிருப்பா."

அடக்கத்தின்போது எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் மன்னிப்பு அது. ஹிதாயா தலையை அசைத்தாள்.

"அது இல்ல அத்தை. ஸுஹூரா வந்து கேட்பாளே ஒரு கேள்வி, என்ன சேதின்னு. அதை எழுதினது நான்தான்."

தாட்டுவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீதானா? உன் கை நல்லா இருக்கட்டும். என் மூத்தவ பெத்தப்போ ஒருத்தி வருவா, போலீஸ்காரன் மாதிரி கேப்பா. பொண்ணு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. இந்தப் புள்ள வந்து என்ன சேதிக்கான்னு கேட்டா இவ எந்திரிச்சு உக்காந்து பதில் சொல்லுவா. கடைசி வரைக்கும் மரியாதை குறையல."

"அவளுக்கு அப்பவே காய்ச்சல் இருந்துச்சு அத்தை."

"இருந்திருக்கு. எனக்கே பத்தாம் நாள்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள கை மீறிப் போச்சு. என்கிட்டயும் நல்ல சேதின்னுதான் சொன்னா. உடம்பு அப்படி எரிஞ்சிருக்கு, ஒரு முனகல் இல்ல." தாட்டு பிள்ளையின் நெற்றியில் இருந்த ஈயை விரட்டினாள். "படைச்சவன்கிட்டகூடக் குறை சொல்லாமப் போனவ. அதை நெனச்சுத்தான் நான் உக்காந்திருக்கேன்."

ஹிதாயா கோப்பைத் திறந்தாள். எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. கேட்ட விதம் சரியில்லை, அப்படிக் கேட்டால் யாராயிருந்தாலும் நல்ல சேதி என்றுதான் சொல்வார்கள், வேறு மாதிரி கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், அதை எழுதிக் கைநாட்டு வைத்தால் மற்றப் பெண்களையாவது வேறு மாதிரி கேட்பார்கள். சொல்லச் சொல்ல, எதிரே இருந்த முகத்திலிருந்து ஏதோ வடிந்துகொண்டே போவது தெரிந்தது.

தாட்டு பிள்ளையை மடியில் சற்று மேலே இழுத்துக்கொண்டாள்.

"அப்போ என் பொண்ணு சொன்னது பொய்யின்னு நான் கைநாட்டு வைக்கணும்."

"பொய் இல்ல அத்தை."

"பொய் இல்லன்னா என்ன?"

அது வெறும் வழக்கப் பேச்சு என்று ஹிதாயா சொல்லிவிட்டால், இந்தத் தாய் இனிமேல் எதை நினைத்து உட்கார்ந்திருப்பாள்? சொல்லாவிட்டால் அந்த இரண்டு மாவட்டங்களில் எத்தனை பெண்கள்? இரண்டையும் மனத்துக்குள் வைத்துப் பார்த்தாள். முகம் தெரியாத அத்தனை பேரையும்விட, கை தொடும் தூரத்தில் இருந்த இந்த ஒரு முகம் கனமாக இருந்தது. இது இரக்கமா, கோழைத்தனமா என்று கேட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் எழுந்து போன அதே கால்கள்தான் இப்போதும் எழத் துடித்தன.

"நீங்க எல்லாத்தையும் எழுதி வைப்பீங்களாமே. அவ பேசினது அதுல இருக்கா?" என்றாள் தாட்டு.

"இருக்கு."

"படி."

ஹிதாயா முதல் தாளை எடுத்தாள். "இன்னிக்கு என்ன சேதி? நல்ல சேதி." இரண்டாம் தாள். "நல்ல சேதி." மூன்றாம் தாளை எடுத்து, படிக்காமல் மடியில் வைத்தாள். கதவோரம் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி அதை எட்டிப் பார்த்துத் தானே படித்தாள். அறையிலும் முற்றத்திலும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லாப் புகழும் இறைவனுக்கே. பொறுமைசாலி. சொர்க்கத்துப் பெண்.

தாட்டு கையை நீட்டினாள். ஹிதாயா மூன்று தாள்களையும் கொடுத்தாள். அவள் அவற்றைச் சிறிதாக, மிகச் சிறிதாக மடித்து, முந்தானை முனையில் வைத்து முடிந்துகொண்டாள்.

கைநாட்டு இல்லாத மனு மட்டும் கோப்பில் மிஞ்சியது. வெளியே வந்ததும் சௌமு ஒரு முறத்தை அவள் முன்னால் தள்ளினாள்.

"எழுதினது போதும் டீச்சர். அரிசியில கல்லு பொறுக்குங்க. படிச்சவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு சொல்றாங்க."

அவள் பொழுது சாயும்வரை கல் பொறுக்கினாள்.

திங்கட்கிழமை காலை அதே முதல் கேள்வியோடு படிவக் கட்டுகள் வண்டியில் ஏறின. ஸ்வாஹிலி வாசகம் சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். கிசங்கா ஒன்றும் கேட்காமல் பேனாவை நீட்டினார். ஸுஹூரா சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிதாயா நிமிராமல் இரண்டு மாவட்டங்களுக்கும் கையெழுத்துப் போட்டாள்.