வெரோத்தி மாளிகையின் நீர்க்கதவு

தெற்குக் காற்று காலையிலிருந்தே விடாமல் வீசியது. வெனிஸில் அந்தக் காற்று அடித்தால் கடல் உள்ளே ஏறும். சின்னக் கால்வாய்களுக்குள் இன்று போக வேண்டாம் என்று சுற்றுலா வழிகாட்டி ஒர்னெல்லா கிளம்பும்போதே சொன்னாள். படகோட்டி ஆல்விசே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருவரும் ஒரு காலத்தில் கணவன் மனைவி. அவளுடைய வழக்கமான படகோட்டிக்குக் காய்ச்சல் என்று கம்பெனி இவனை அனுப்பியிருந்தது.

வெரோத்தி மாளிகை இருக்கும் கால்வாய் ஒடுங்கியது. இரு முனையிலும் தாழ்ந்த பாலங்கள், இரு பக்கமும் தண்ணீரிலிருந்தே எழும் சுவர்கள். கால் வைக்கக் கரையே கிடையாது. மாளிகையின் கால்வாய்ப் பக்கம் திறக்கும் மர நீர்க்கதவில் மூன்று பாடகர்களைச் செதுக்கியிருந்தார்கள். நடுவில் ஒருத்தி வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். செதுக்கியவன் யாரென்று தெரியாது. அவளைக் காட்டும்போதெல்லாம் ஒர்னெல்லாவின் குரல் தானாகவே தணிந்துவிடும்.

அன்றும் பயணிகளிடம் அவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது இன்ஜின் இருமி நின்றது. அறுந்து மிதந்த கயிறு ஒன்று தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆல்விசே கவிழ்ந்து படுத்துக் கத்தியால் அறுத்து முடிப்பதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. முன்னால் பாலத்தடியில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. பின்னாலும் அதே கதைதான்.

தண்ணீர் வடியும்வரை காத்திருக்கலாம் என்று அவன் சொன்னான். பயணிகளும் சிரித்துக்கொண்டே கோட்டுகளை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அப்போதுதான் ஆஸ்திரியாவின் லின்ஸிலிருந்து வந்திருந்த பிராண்ட்னர் மனைவியின் தோளில் சரிந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. வலது கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

ஒர்னெல்லா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் படகு அந்தப் பாலங்களுக்கு அடியில் நுழையாது, எப்படியாவது அவரைத் தெருப்பக்கம் கொண்டுவாருங்கள், ஆட்கள் நடந்தே வந்துவிடுவார்கள் என்றார்கள். எல்லோரும் ஜன்னல்களைப் பார்த்துக் கத்தினார்கள். எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள். நவம்பரில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. மாளிகையிலும் ஆளில்லை. பிராண்ட்னரின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவர் மனைவி அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆல்விசே நங்கூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீர்க்கதவைப் பார்த்தான்.

"வேற வழியில்ல, நெல்லா. இதுக்குள்ள போனாத்தான் தெரு."

"தெரியுது."

"தாழ்ப்பா உள்பக்கம். பலகையும் ஊறிப்போய் கல்லு மாதிரி இருக்கு. எங்க அடிச்சா உடையும்? இந்தக் கதவப் பத்தி உன்ன விட யாருக்குத் தெரியும், சொல்லு."

அவளுக்குத் தெரியும். எங்கே ஆழமாகச் செதுக்கியிருக்கிறதோ அங்கேதான் மரம் மெல்லிசு. சொல்ல வாய் வரவில்லை. பிராண்ட்னரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்கள் பாதி மூடியிருந்தன.

"அவ வாயில," என்றாள். "குடு, நானே அடிக்கிறேன்."

"உனக்கு கைடு லைசென்ஸ் போயிடும். நான் பாத்துக்கறேன், தள்ளு."

"குடுன்னு சொன்னேன்ல."

படகு ஆடியதில் முதல் அடி தவறிக் கல்லில் பட்டது. ஆல்விசே சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்துப் படகை நிலைநிறுத்தினான். இரண்டாவது அடியில் பாடுகிறவளின் முகம் பிளந்தது. ஒர்னெல்லா நிறுத்தாமல் அடித்தாள். கை நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும் ஆல்விசே தோள்வரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். துருப்பிடித்த கம்பி நகர மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்தான். கதவு விலகியபோது அவன் முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

முழங்கால் அளவு தண்ணீரில் பிராண்ட்னரைத் தூக்கிக்கொண்டு இருட்டான கூடத்தைக் கடந்தார்கள். தெருக்கதவைத் திறந்தபோது ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்றார் மருத்துவர்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனபோதுதான், ஆல்விசே அவளுக்கு முன்னாலேயே வந்து, கதவை உடைத்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பது ஒர்னெல்லாவுக்குத் தெரிந்தது. அவள் அதை மறுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். வசந்தம்வரை அவள் லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள்.

வெளியே வந்து அவனுக்குப் போன் செய்து திட்டினாள். கையில் எத்தனை தையல் என்று கடைசியில் கேட்டாள்.

"நேர்ல வந்து எண்ணிக்கோ," என்றான்.

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.