அந்தரத்தில் ஒரு படிக்கட்டு

மாமனார் பாலம் கட்டுவதில் கெட்டிக்காரர். மாப்பிள்ளை பார்ப்பதில்தான் சாமர்த்தியம் போதவில்லை. மூத்த மாப்பிள்ளை பாலங்களைத் தூரிகையால் வரைவார், இளையவன் கம்ப்யூட்டரில். இருவருக்கும் மாமனாரின் அலுவலகத்திலேயே வேலை, பக்கத்துப் பக்கத்து மேஜை. எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவன் செல்போனைப் பார்ப்பான்.

மாமனார் ஓய்வு பெறப்போகிறார். புதிய ஆற்றுப் பாலத்துக்கு நகராட்சிக் குழு யார் படத்தைத் தேர்ந்தெடுக்கிறதோ, அவருக்கே தன் நாற்காலி என்று சொல்லிவிட்டார்.

மாமனாரும் ஓரமாக உட்கார்ந்திருக்க, குழுவின் முன் இளையவனின் படம் திரையில் பளபளத்தது. கண்ணாடி மாதிரி ஆறு, பாலத்தின் மேல் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நடக்கும் ஜனங்கள்.

மூத்தவர் சட்டைக் கையில் அளவாகப் பூசிய வண்ணக் கறையோடு எழுந்தார். பக்கத்தில் தன் ஓவியத்தை நிறுத்தினார்.

"அது மேக்கப் சார், மழை வந்தா கரைஞ்சிடும். நான் ஆத்தங்கரையில உக்காந்து, பனியில நனைஞ்சு வரைஞ்சது இது. இதுல உசிர் இருக்கு."

"ஆமாமா, உசிர் தெரியுது" என்றார் குழுத் தலைவர், கொட்டாவியை மென்றபடி.

இளையவன் ஓவியத்தின் அருகே போனான். நாற்காலி கண்ணெதிரே நழுவுகிறது. ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று ஓவியத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினான். கிடைத்தது. பாலத்திலிருந்து கரைக்கு இறங்கும் படிக்கட்டு, தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலேயே நின்றுபோயிருந்தது.

"உசிர் இருக்கட்டும் சகலை. இந்தப் படியில இறங்குறவனுக்கு இருக்குமா?"

குழு குலுங்கிச் சிரித்தது. மூத்தவரின் முகம் செத்துவிட்டது. அப்போது குழுவில் இருந்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உங்களதும் அப்படித்தானே தொங்குது?"

இளையவன் திரும்பினான். அதே படிக்கட்டு, அதே அந்தரம். அதே மரத்தில் அதே முறிந்த கிளை. மஞ்சள் குடையோடு இளிக்கிற அதே பெண்.

"என் படத்தைப் பார்த்து அப்படியே வரைஞ்சிருக்கீங்க! எந்தப் பனியில நனைஞ்சீங்க, என் மேஜை ஏ.சி.யிலயா?"

"தரையைத் தொடாம படி போட்டவன் பேசுற பேச்சப் பாரு!"

"அதைக்கூடக் கவனிக்காமத்தானே காப்பி அடிச்சீங்க!"

மாமனார் எழுந்தார். "ரெண்டு பேரும் வெளியே போங்க. இன்ஜினியர் போட்ட வரைபடம் இருக்கு, நானே விளக்கிக்கிறேன்."

"மாமா, நீங்கதான் ரிடையர் ஆகப்போறீங்களே..." என்று இழுத்தான் இளையவன்.

"யாரு சொன்னது?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் மூத்தவர் பல்லைக் கடித்தார்.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த நாற்காலி நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கிடைச்சிருக்கும்."

"உங்களுக்குக் கிடைச்சிருக்கும்" என்றான் இளையவன். "அதுக்கு இதுவே தேவலை."