விசாகப்பட்டணத்துல நின்ன பிளேன்

எம் புருஷன் முனிரத்தினம் என்கிட்ட பொய் சொல்றாருன்னு அன்னிக்கு நான் முழுசா நம்பினேன். இப்ப சொல்லவே வெக்கமா கீது. ஆனா என் எடத்துல நீங்க இருந்தா நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

எங்க பையன் ஏழுமலைக்கு அப்போ பதினோரு மாசம். காதுகுத்து வச்சிருந்தோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சித்தான் குத்தணும். தாய்மாமன்னா எங்கண்ணன் கோவர்த்தனன். கல்கத்தாவுல ஒரு பிளேன் கம்பெனியில மெக்கானிக்கு. கம்பெனி ஆளுன்னு பாஸ் குடுப்பாங்களாம், சீட்டு காலியா இருந்தா ஏறிக்கலாமாம். முந்தின நாள் சாயங்காலம் மீனம்பாக்கத்துல எறங்கி, ரயிலப் புடிச்சி, விடியறதுக்குள்ள புத்தூர் வந்துடறேன்னு லெட்டர் போட்டிருந்தாரு. விடிஞ்சிது. ரயிலும் வந்துது. அண்ணனக் காணோம்.

மத்தவங்க ஊட்டுல இது பெரிய விஷயம் இல்ல. எங்க ஊட்டுல பெரிய விஷயம். ஆந்திரா தனியாப் பிரிஞ்சதுல இருந்து, எந்த ஊரு எந்தப் பக்கம்னு ஒரே ரகளை. புத்தூர் மெட்ராஸோடதான் சேரணும்னு எங்கண்ணன் லீவுல வரும்போதெல்லாம் ஊர் ஊராப் போய் கையெழுத்து வாங்கிக்கினு இருந்தாரு. எங்க ஊட்டுக்காரரு தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. தெலுங்கு, தமிழ் ரெண்டுலயும் எழுதறவரு. "நான் சர்க்கார் ஆளு மச்சான், போட மாட்டேன்"னாரு. பேச்சு முத்திப் போச்சு. "சோத்துக்காக ஊரை வித்துட்ட"ன்னு அண்ணன் சொல்லிட்டு, பாதிச் சாப்பாட்டுல கை கழுவிக்கினு போனவருதான். ரெண்டு வருஷமா வரல. நான் அழுது அழுது லெட்டர் எழுதி, காதுகுத்துக்குன்னு இப்பதான் வர ஒத்துக்கினாரு.

முகூர்த்தம் பத்தரையில இருந்து பன்னெண்டு. எங்க ஊட்டுக்காரரு மீனம்பாக்கத்துக்கு போன் பேசறேன்னு காலையில இருந்தே போஸ்டாபீசுக்கும் ஊட்டுக்குமா நடந்துக்கினு இருந்தாரு. ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரே பேச்சு.

"பிளேன் லேட்டாம்."

"எவ்ளோ லேட்டு?"

"தெரியலையாம்."

இன்னாடா இது! ரயில் லேட்டுன்னா ரேணிகுண்டாவுல நிக்குதா, அரக்கோணத்துல நிக்குதான்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிடுவாரு. அவ்ளோ பெரிய பிளேனு எங்க கீதுன்னு யாருக்குமே தெரியாதா? இந்த மனுஷன் போஸ்டாபீஸ் வேப்ப மரத்தடியில உக்காந்து வெத்தல போட்டுக்கினு வந்து லேட்டுங்கறாருன்னு எனக்கு ரத்தம் கொதிச்சிது. அண்ணன் வரலன்னா இவருக்கு நிம்மதிதானே!

அதுக்குள்ள மாமனாரு ஆரம்பிச்சிட்டாரு. "தாட்சாயணி, உன் சித்தப்பா மகன் முனிகிருஷ்ணன் இருக்கான் இல்ல, அவனும் மாமன்தான். அவன் மடியில வச்சிக் குத்திடலாம். நேரம் போவுது."

முனிகிருஷ்ணனும் புது வேட்டிய சரி பண்ணிக்கினு தயாரா உக்காந்துட்டான். அவன் மடியில குத்தினா எங்கண்ணன் இந்த ஜென்மத்துல எங்க வாசப்படி மிதிக்க மாட்டாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். குழந்தைய இடுப்புல தூக்கிக்கினு நானே போஸ்டாபீசுக்கு நடந்தேன்.

கிளார்க்கு திருவேங்கடம் என்னைப் பாத்ததும் ஸ்டூல இழுத்துப் போட்டாரு. "கூச்சோம்மா, உக்காரு. இப்பதானே உங்க ஊட்டுக்காரரு மூணாவது ட்ரங்க் கால் பேசிட்டுப் போறாரு."

"மூணா?"

"கதவு தொறக்க முந்தியே வந்து நின்னாரும்மா."

அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல. நானே பேசணும்னு புடிவாதமா நின்னேன். அரை மணி நேரம் காத்திருந்து மீனம்பாக்கம் கெடச்சிது. கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரு ஆம்பளைக் குரலு.

"ஐயா, கல்கத்தா பிளேன் எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கு? கூடூர் வந்துடிச்சா?"

அந்த ஆளு சிரிச்சிட்டாரு. "நடுவுல ஸ்டேஷன் எல்லாம் கெடையாதும்மா. பிளேன் நேத்துல இருந்து விசாகப்பட்டணத்துலயே நிக்குது. இஞ்சின் ரிப்பேர். நீங்க புத்தூருங்களா? முனிரத்தினம் ஊட்டு அம்மாவா?"

"ஆமாங்க. எப்பங்க கெளம்பும்?"

"அத உங்க அண்ணன்தான் சொல்லணும்."

எனக்கு ஒண்ணும் புரியல. "அவரு உள்ள உக்காந்துக்கினு இன்னா சொல்லுவாரு?"

"உள்ள எங்கம்மா உக்காந்தாரு? அங்க இருந்த மெக்கானிக்குக்கு ஜுரம். பாஸுல வந்த உங்க அண்ணனைத்தான் எறக்கி வேலை வாங்கறாங்க. ராவெல்லாம் இஞ்சினுக்குக் கீழதான் கெடந்தாராம். அவரு முடிச்சாத்தான் பிளேன் பறக்கும்."

எங்கண்ணன் வர்றாரு. வராம இல்ல. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடிச்சி.

அந்த ஆளு விடல. "உங்க ஊட்டுக்காரரு ஒரு சேதி குடுத்தாரும்மா, வயர்லெஸ்ல சொல்லுங்கன்னு. நாங்க அப்படி எல்லாம் சொல்லக் கூடாது. ஆனா தொண்டை கட்டற அளவுக்குக் கத்திக் கெஞ்சினாரு. மனசு கேக்கல, அனுப்பிட்டேன்."

"இன்னா சேதிங்க?"

"'மச்சான், நீ வராம பையன் காதுல ஊசி படாது. அவசரப்பட்டு ரிப்பேர் பண்ணாத. அந்தப் பிளேன்லதான் நீயும் ஏறணும்.'"

பேசக் குடுத்த மூணு நிமிஷம் முடியப் போவுதுன்னு திருவேங்கடம் கையக் காட்டறாரு.

"பதில் வந்துதுங்களா?"

"இப்பதான் வந்துது. பதினோரு மணிக்குக் கெளம்பிடுமாம். மாப்பிள்ளையச் சாப்பிடச் சொல்லுன்னாராம்."

ஊட்டுக்கு ஓட்டமா வந்தேன். எங்க ஊட்டுக்காரரு, காது குத்த வந்த தாமோதர ஆசாரி பக்கத்துல நின்னு மாமனாரோட மல்லுக்கு நிக்கிறாரு. "நாளைக்கு ஆறு மணிக்கு நல்ல நேரம் கீது, அய்யரக் கேட்டுட்டேன். இன்னிக்குக் குத்தறது இல்ல. எல்லாரும் சாப்பிடுங்க."

"சமைச்சிப் போட்டுக் கூட்டத்தக் கூட்டி இன்னாடா இது கேவலம்?" மாமனாரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு கெளம்பிட்டாரு. அவங்க நைனா பேச்ச எங்க ஊட்டுக்காரரு அதுவரைக்கும் ஒரு தடவ கூடத் தட்டினதில்ல. மூஞ்சி கறுத்துப் போச்சி, ஆனா எறங்கி வரல.

கூட்டம் போனப்பறம் கேட்டேன். "அண்ணன்தான் ரிப்பேர் பண்றாருன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"ராவெல்லாம் இஞ்சினுக்கு அடியில கெடக்கறாருன்னு சொன்னா நீ துன்னுவியா? கொழந்தைக்குப் பால் குடுப்பியா?" அதுக்கு மேல பேச முடியாம தொண்டையப் புடிச்சிக்கினாரு. நெசமாவே கட்டிப் போயிருந்திச்சி. நான் ஒரு மக்கு! வெந்நீர்ல உப்புப் போட்டுக் குடுத்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனோம். அவரு உள்ள போய் விசாரிச்சிட்டு வந்து, கரகரன்னு, "ரயில் நாப்பது நிமிஷம் லேட்டு"ன்னாரு.

"சரி"ன்னு பெஞ்சில உக்காந்தேன். நான் போய்க் கேக்கல.

சரியா நாப்பது நிமிஷத்துல ரயில் வந்துது. எங்கண்ணன் எறங்கினாரு. நகக் கண்ணெல்லாம் கறுப்பு, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. என்னையும் பாக்கல, நான் நீட்டின கொழந்தையையும் பாக்கல. நேரா அவருகிட்ட போய் நின்னாரு.

"சாப்பிட்டியா மாப்ள?"

குரல் வராம எங்க ஊட்டுக்காரரு இல்லன்னு தலையாட்டினாரு.

"நானும்தான்"னு சொல்லிட்டு எங்கண்ணன் அவரு தோள்ல சாஞ்சி சின்னப் புள்ளையாட்டம் அழுதாரு.