வெந்நீரில் கழுவிய பாட்டில்

உப்பை எடுத்துக் கொடு என்பது போல அம்மா எப்படி இதைக் கேட்டாள்? கேட்டதுகூடப் பரவாயில்லை. பாட்டிலை வெந்நீரில் போட்டுக் கழுவி, காயவைத்து, தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாளே. கோகுல் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் பால் பாட்டிலையும் இப்படித்தான் துடைப்பாள். அந்தக் கையின் அக்கறைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படி நினைத்தபடி கார்த்திகா குளியலறைக்குள் கதவில் சாய்ந்து நின்றாள். கையில் பழைய இருமல் மருந்து பாட்டில். அதில் அவள் தன் சிறுநீரைப் பிடித்துத் தர வேண்டும். தம்பி கோகுல் அதைத் துணியில் சுற்றி, உடம்போடு ஒளித்துக் கொண்டுபோய், தன்னுடையது என்று கொடுப்பான். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் அவனுக்கு டெக் வேலை கிடைத்திருந்தது. இன்று மெடிக்கல். போதைப்பொருள் சோதனையும் உண்டு. அவனுடையதைச் சோதித்தால் என்ன வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா சொக்கலிங்கத்துக்கும் அம்மா செல்லத்துக்கும் சர்க்கரை வியாதி. "உங்கப்பாவோடதக் குடுத்தா, இவனை அங்கயே பெட்ல படுக்கப் போட்டு ஊசி குத்திருவாங்க," என்று செல்லம் காலையில் சிரிக்க வைக்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்லயே சுத்தமா இருக்கிறது நீ ஒருத்திதான்டி," என்றாள்.

அதைக் கேட்டு ஒரு நொடி மனம் குளிர்ந்ததை நினைத்தால் கார்த்திகாவுக்கு இப்போது கூசியது. அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வர எத்தனை வருடம் காத்திருந்தாள். வந்தது இதற்காகத்தான்.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "ஏ பாய், ஜல்தி கரோ!" என்று டிரைவர் இந்தியில் அவசரப்படுத்திக் கத்தினான்.

கதவை விரலால் தட்டினான் கோகுல். "என்னக்கா, உள்ள நீச்சலடிக்கிறியா?"

"நேத்து எடுத்தியாடா?"

பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சில மாதங்களாக அவன் தூக்கத்திலும் அந்தச் சத்தம் உண்டு.

"கொஞ்சம்."

"இன்னைக்கு மெடிக்கல்னு தெரிஞ்சுமா?"

"அதனாலதான். பயமா இருந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. கண்ணாடிச் சில்லு போன்ற அந்தப் போதைப்பொருள் கடலில் மிதந்து வந்து, எங்கோ கரை ஒதுங்கிய பொட்டலங்களில் இருந்ததாம். பெரார்கஞ்ச் ஊரில் இருந்த கூட்டாளிகள், தூக்கமே வராது, உடம்பு பறக்கும் என்று கொடுத்திருக்கிறார்கள். முதலில் இரவெல்லாம் விழித்திருந்து பைக்கைக் கழற்றி மாட்டினான். பிறகு சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். போன மாதம் அம்மாவின் மணிக்கட்டைத் திருகினான். வளையல் உடைந்து கீறியது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவர்கள் தெருவே அதை நம்பியது, அல்லது நம்புவது போல இருந்தது.

அதற்கு மறுநாள் கார்த்திகா யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் கவுன்சலரைப் பார்த்தாள். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. "இதுக்கு வைத்தியம் இருக்கு. அவரைத் திட்டாதீங்க. ஆனா அவருக்காக மறைக்காதீங்க," என்றாள். இவள் தலையாட்டிவிட்டு வந்து, அன்று மாலையே பக்கத்து வீட்டில் வளையல் கதையைச் சொன்னாள்.

"சரி, பாஸ் ஆயிட்டே. அதுக்கப்புறம்?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்புறம் யாரு கேக்கப் போறா? ஒரு தடவ உள்ள போயிட்டா அவ்வளவுதான். டென்ஷன் மத் லே, கவலப்படாத."

நிறுத்தப்போவதாகப் பேச்சுக்குக்கூட அவன் சொல்லவில்லை.

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் அதே கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில்தான் கார்த்திகாவுக்கு வேலை. பிரசவத்துக்கு வரும் பெண்கள், தூளியோடு குழந்தைகள், எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்த கிழவர்கள். கம்பி வழியாக நீளும் அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அவர்கள் கால் வைக்கும் பலகையை, கப்பலைக் கட்டும் கயிற்றை, இனி இவன் பிடிப்பான்.

அவள் கதவைத் திறந்தாள். கோகுலின் கை உடனே நீண்டது. விரல்கள் நடுங்கின. அவள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். சொக்கலிங்கம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை அவரும் டெக்கில் கயிறு பிடித்தவர்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. உங்க கூட கயிறு பிடிக்க இவனை விட்டிருப்பீங்களா?"

அவர் மகனின் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஆட்டோக்காரன் கத்துறான் பாரு," என்றார்.

"கேட்டீங்களாப்பா? டிக்கெட் கிழிக்கிற மேடம் பெரிய டாக்டராயிட்டாங்க," என்று கோகுல் சிரிக்க முயன்றான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"இதே ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போவோம்டா. நான் லீவு போடுறேன். கூடவே இருக்கேன்."

"எங்க, பாகல் வார்டுக்கா? பைத்தியம்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

செல்லம் குறுக்கே வந்தாள். "வாய மூடுடி. ஜஹாஸ்ல ஏறிக் கடலுக்குப் போயிட்டா அந்தப் பசங்க சகவாசம் தன்னால போயிரும். வேலை நௌக்ரின்னு ஒண்ணு இருந்தா எம்புள்ள திருந்திருவான். இது அவன் வாழ்க்கைடி. உங்கால்ல விழணுமா?" உண்மையாகவே குனியப் போனாள். கார்த்திகா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தத் தோள் இவ்வளவு மெலிந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

செல்லத்தின் முகம் சட்டென்று மாறியது. ஏதோ புரிந்தது போல அடுக்களைக்கு ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "வரலையா கண்ணு? அதச் சொல்ல வேண்டியதுதானே. இதக் குடி, வந்துரும்."

ஆமாம் என்று சொன்னால் போதும். இன்றைய நாள் யார் மீதும் பழியில்லாமல் கழிந்துவிடும். அம்மாவே அதற்கான வழியைக் கையில் ஏந்தி நின்றாள்.

கார்த்திகா சொம்பை வாங்கவில்லை.

"வருதும்மா," என்றாள் மெதுவாக. "தரமாட்டேன்."