வாழ்த்தை வாசித்தவள்

அரையிறுதிக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது பயிற்றுநர் சாரங்காவை உடைமாற்றும் அறைக்கு வெளியே கூப்பிட்டார். பல்கலைக்கழக ஐஸ் ஹொக்கியில் மூன்று வருடமாக அவள்தான் அணியின் கோல்கீப்பர். இன்றைக்கு விளையாட ஏலாதாம். கடைசிப் பரீட்சை தேறியவர் மாணவர் இல்லை, மாணவர் இல்லாதவருக்கு இந்தச் சுற்றில் இடமில்லை.

விதி சாரங்காவுக்கும் தெரியும். சான்றிதழ் கைக்கு வர மூன்று கிழமை ஆகும், அதற்குள் ஆர் கேட்கப் போகினம் என்றிருந்தாள்.

"ஆர் சொன்னது?" என்று ஜெர்மன் மொழியில் கத்தினாள்.

பயிற்றுநர் ஃபோனை நீட்டினார். அப்பா செய்வித்த வாழ்த்து அட்டை. தங்கக் கரை, நாலு ரோசாப்பூ, நடுவில் அவளுடைய பத்தாம் வகுப்புப் படம். 'வியாழக்கிழமை இறுதிப் பரீட்சையில் சித்தியெய்திய எமது குடும்பத்தின் முதல் பட்டதாரி செல்வி சாரங்கா தவராசா!' பிறந்தநாளுக்கும் கார் லைசன்சுக்கும் அட்டை போடுகிற கோயில் வட்சப் குழுவில், ஹம் நகரத்துப் பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிற மனுசன் இதற்குப் போடாமல் வேறு எதற்குப் போடுவார்?

அட்டைக்குக் கீழே அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, வரி வரியாக.

அணியில் இருபது பேர். தமிழ் வாசிக்கத் தெரிந்தது இரண்டு பேருக்கு. மற்றவள் கவிசா, பதில் கோல்கீப்பர். பரீட்சை முடிவு வந்தபோது சாரங்காவை இறுக்கிக் கட்டிப்பிடித்தவளும் அவள்தான்.

உள்ளே கவிசா குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானே?"

"நான் பொய் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. உங்கட அப்பா எழுதினதைத்தான் சொன்னனான்."

"மூண்டு வருசம் எனக்குப் பக்கத்திலை இருந்தனியடி!"

"ஓம், வாங்கிலைதான் இருந்தனான். ஒரு ஆட்டமாவது தந்தனீங்களோ?"

சாரங்காவுக்குக் கை ஓங்க வந்தது. பயிற்றுநர் இடையில் வந்து நின்றார். கவிசாவின் கால்கவசத்தில் வார் அறுந்திருந்தது. அவர் சாரங்காவின் சிவப்புக் கால்கவசத்தைப் பார்த்தார். கேட்க வெட்கம் போல, "அணிக்காக" என்றார்.

கழற்றி, கவிசாவின் காலடியில் எறிந்தாள்.

"இந்தா, இதையும் எடு."

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் அவள் பார்வையாளர் பக்கம் போனாள். அப்பா நாலாம் வரிசையில். ஷிஃப்ட் மாற்றி, இரண்டு ரயில் பிடித்து, மகளின் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தார். மடியில் ரோல்ஸ் பலகாரப் பெட்டி. முகமூடிக்குள்ளை என்னைத் தெரியாது அப்பா, சிவப்புக் கால்கவசத்தைப் பாருங்கோ என்று அவள்தான் காலையில் சொல்லிவிட்டிருந்தாள்.

எதிரணி அடித்த ரப்பர் வட்டை கவிசா முழங்காலால் தடுத்தாள்.

"சாரங்கா! விடாதை பிள்ளை!" அப்பா எழும்பி நின்று கைதட்டிக் கத்தினார். பக்கத்திலிருந்த ஜெர்மன்காரியின் தோளைத் தட்டி, அது தன் மகள், பட்டதாரி என்று உடைந்த ஜெர்மனில் சொன்னார்.

சாரங்கா அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அப்பா சந்தோசமாக வீடு போயிருப்பார். ஆனால் அந்தக் கைதட்டலையும் கவிசாவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். ஐஸைப் பார்த்தார். தட்டிய கை அப்படியே நின்றது.

"அப்ப... அங்கை நிக்கிறது ஆர்?"

"நீங்கள் போட்ட வாழ்த்தை வாசிச்சவள்" என்றாள் சாரங்கா.