நான் மிதித்த ஸ்பானிஷ்

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிறவரை வழியனுப்ப வரும் முகங்களைப் பார்த்தால் செத்தவீட்டு முகங்கள் தோற்றுப்போகும். போனவர் எவரும் திரும்புவதில்லை, அதுதான் காரணம். எங்கள் மகன் டானியலும் கனடாவுக்குப் போகும்போது "இரண்டு வருஷத்திலை வாறன் அப்பா" என்றான். இப்போது அங்கே பனி எத்தனை அடி என்று எழுதுகிறான்.

அதனால்தான் என் மனைவி நேசம்மா, தான் நேர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு பொலிவியாவுக்குப் போகிறேன் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேர்ச் மூலம் வந்த அழைப்பு. மலைக்கிராமம் ஒன்றில் பிள்ளைப்பேற்று விடுதியாம். சாப்பாடும் கட்டிலும் தருவார்களாம், வேறொன்றும் இல்லை.

"இஞ்சை காயம்பட்ட சனம் நிரம்பிக் கிடக்குது. உமக்கு அங்கை என்ன வேலை?" என்றேன்.

"அதுதான் போறன். பத்து வருஷமாக் காயந்தான் கழுவிறன், மனம் மரத்துப்போச்சு. ஒரு வருஷம் பிள்ளையள் பிறக்கிற இடத்திலை நிண்டிட்டு வாறன். பிறகு இஞ்சைதானே இருக்கப்போறன்."

நல்ல பதில். நல்ல பதில் சொல்கிறவர்களோடு சண்டை பிடிப்பதுதான் பெரிய கரைச்சல்.

ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிக் கசற்றுகளும் வந்திருந்தன. சண்டையால் எங்கள் நீர்வேலியில் கரண்ட் நின்று மூன்றாவது வருஷம் நடக்கிறது, பற்றரிக்கும் தடை என்பது அனுப்பிய புண்ணியவான்களுக்குத் தெரியாது. ஊரெல்லாம் செய்ததை நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரில் கொழுவினோம். மிதித்தால் பேசும். மற்ற வீடுகளில் மிதித்துச் செய்தி கேட்டார்கள். நான் மிதித்து மிதித்து என் மனைவியைப் பொலிவியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பகல் முழுக்க வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிற கால்கள். வேகம் குறையும். குறைந்தால் கசற்றில் பேசுகிற மனிதருக்கும் களைத்துவிடும். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் போல இழுப்பார். நேசம்மாவும் அப்படியே இழுத்துச் சொல்லுவாள்.

"ரெஸ்... பீ... ரே..."

மூச்சு எடுங்கோ என்று அர்த்தமாம். பிள்ளை பெறுகிறவளுக்கு அதைத்தான் முதலில் சொல்லவேண்டுமாம்.

பக்கத்து வீட்டுச் சின்னாச்சி ஒருநாள் மிளகாய்த்தூள் பார்சலோடு வந்தா. ரொறன்ரோவில் இருக்கிற தன் மகனிடம் கொடுக்கவாம்.

"நான் கனடாவுக்குப் போகேல்லை அக்கா, பொலிவியாவுக்கு. ஒரு வருஷத்திலை வந்திடுவன்," என்றாள் நேசம்மா.

"ஓமோம், வெளியிலை சொல்லக்கூடாது. எனக்குத் தெரியுந்தானே," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, சின்னாச்சி என் பக்கம் திரும்பினா. "அப்ப இராசசிங்கம் தம்பி, எப்ப உங்களைக் கூப்பிடுறாவாம்?"

அன்று மாலை நான் சைக்கிளில் ஏறவில்லை.

"என்னப்பா, கால் நோகுதே?"

"கால் நோகேல்லை. நான் மிதிக்கமாட்டன். மகனை அனுப்பியாச்சு, இனி உம்மையும் அனுப்பிப்போட்டு இந்த வீட்டிலை நான் ஆரோடை கதைக்கிறது? வாழைக்குட்டியோடையோ?"

நேசம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறி மிதித்தாள். "ரெஸ்பீரே" என்றது கசற். திருப்பிச் சொல்ல வாய் திறந்தாள். மூச்சு எடுங்கோ என்று சொல்ல அவளுக்கே மூச்சு இல்லை. காற்றுத்தான் வந்தது. மறுபடியும் முயன்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இத்தனை ஆசையை மனதில் வைத்திருந்த மனிசியை நான் ஒருபோதும் கண்டதில்லை.

"இறங்கும்," என்றேன். "உது ஆம்பிளையின்ரை சைக்கிள்."

யாழ் குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை வேண்டும். திரும்பாவிட்டால் பிணை நின்றவரைக் கேட்பார்கள். சொந்தக்காரர் எல்லாரும் நழுவிவிட்டார்கள். நான்தான் போய் நின்றேன்.

"அம்மா திரும்பி வருவா எண்டு நம்புறியளே ஐயா?" என்று கேட்டான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

"நம்பாட்டி ஏன் தம்பி கால் வீங்க மிதிச்சனான்?"

அவனுக்கு விளங்கியிராது. நம்பிக்கை எனக்கும் அரைவாசிதான் இருந்தது. கிளாலிக் கரையில் அவள் வள்ளம் ஏறியபோது அந்த அரைவாசியும் ஆட்டம் கண்டது.

வருஷம் முடிந்தது. நேசம்மா வரவில்லை. பாதை மூடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். "கனடாவிலை இறங்கியிருப்பா," என்றா சின்னாச்சி. வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதெல்லாம் என் கண் ஒழுங்கையில்தான் நின்றது.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, அந்த ஒழுங்கையால் கறுத்து மெலிந்து ஒரு பெண் பையோடு வந்தாள். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பின்னேரம் ஊரே கூடியது. பிழைக்கத் தெரியாதவள் என்றுதான் பாதிப்பேர் பார்த்தார்கள்.

"என்ரை பெடியனைக் கண்டனீரே?" என்றா சின்னாச்சி.

"காணேல்லை அக்கா. ஆனால் பார்சலைத் தபாலிலை போட்டனான்."

"பக்கத்து நாடுதானே, போய்ச் சேர்ந்திருக்கும்."

எல்லாரும் போனபின் நேசம்மா பையிலிருந்து ஒரு கசற் எடுத்தாள். "ஏறுங்கோ. உங்களுக்குத்தான்."

மிதித்தேன். முதலில் ஒரு பச்சைப்பிள்ளையின் அழுகை, கணீரென்று. பிறகு பெண்கள் பல பேர் சேர்ந்து ஏதோ சொன்னார்கள். ஒரே இழுவை. என் முழங்காலைத் திட்டிக்கொண்டு வேகமாக மிதித்தேன். அழுகை கீச்சென்று ஏறியது, பெண்கள் அப்போதும் இழுத்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

நேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "மெல்ல மிதியுங்கோப்பா! கசற்றிலை பிழையில்லை. அவை வேணுமெண்டுதான் இழுக்கினம். நான் கதைக்கிறமாதிரி."

"நீர் அப்பிடியே கதைச்சனீர்?"

"வேறை எப்பிடித் தெரியும் எனக்கு? ஏன் இப்பிடி இழுக்கிறாய் எண்டு கேட்டிச்சினம். அது என்ரை மனிசன் தோட்டத்தாலை வந்து மிதிச்ச வேகம் எண்டு சொன்னன். நோவு வந்தால் வேறை நேர்ஸ் வேண்டாம், அந்த இழுவைக்காரி வரட்டாம்."

கசற்றில் பெண்கள் மீண்டும் சேர்ந்து சொன்னார்கள். இந்த முறை எனக்கு விளங்கியது. டொன் என்றால் ஐயா, அதையும் மிதித்துத்தான் படித்திருந்தேன்.

"ரெஸ்... பீ... ரே... டொன்... இராசசிங்கம்..."

நான் மூச்சு எடுத்தேன். பிறகு என் பழைய வேகத்திலேயே, கசற் முடியும்வரை மிதித்தேன்.