கப்பலில் இருக்கும் மகன்

உடலை முறுக்கிப் போடும் நோயின் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று மணிலா செனட்டில் பேச, பிலிப்பைன்ஸின் பனாய்த் தீவில் நோயாளிகளைத் தேடி வந்த மெர்லிண்டாவைப் பெரியவர் கிறிசாந்தோ வாசலிலேயே நிறுத்தினார்.

“எங்க வம்சத்துல அந்த நோய் கிடையாது. உன்னை யாரு அனுப்பினது?”

“யாரும் அனுப்பலைங்கய்யா. உங்க பையன் எங்க?”

“கப்பல்ல வேலை.”

பின்னறையில் கட்டில் தடதடத்தது. அவர் பலமாக இருமினார்.

“எங்க அண்ணனுக்கும் இதே நோய்தான்,” என்றாள் மெர்லிண்டா. “ஊரைப் பொறுத்தவரைக்கும் அவனும் சாகுற வரைக்கும் கப்பல்லதான் இருந்தான். இப்படி எல்லாரையும் கப்பலேத்திட்டா, நோயாளியே இல்லாத நோய்க்கு எந்த அரசாங்கம் பணம் கொடுக்கும்?”

பெரியவர் அவளை நம்பாமலேதான் கதவை விட்டு நகர்ந்தார்.

“உள்ள வா. செனட்டுல வந்து பேசுறியான்னு அவனையே கேளு.”